நின்றுவிடக் கூடாத பெட்டி

நைனா,

நேற்று சாயங்காலம், புனேவுக்குப் போகப்போவதில்லை என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாய். திங்கட்கிழமை ஆபீசில் அதை எழுதிக் கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னாய். மீனை எடுத்து உன் தட்டில் வைத்தேன், நீயும் தலை நிமிராமல் முள் எடுத்துத் தின்றாய். பேசியிருந்தால் நான் அழுதிருப்பேன். அழுதால் நீ உடனே குனிந்து என் பெட்டியில் எந்த விளக்கு எரிகிறது என்று பார்ப்பாய், அதோடு பேச்சு போய்விடும். அதனால் எழுதுகிறேன். நீ வேலைக்குப் போயிருக்கிறாய். பக்கத்து வீட்டுப் பாக்கியம் காசிமேட்டில் எடுத்த மீனை விற்றுவிட்டு மத்தியானம்தான் வருவாள். அதுவரைக்கும் எனக்கு நேரம் இருக்கிறது. இதை உனக்கு மட்டும் எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாதா மாதம் ஆஸ்பத்திரியில் பெட்டிக்காரர்கள் கூடுகிறோமே, அங்கேயும் படித்துக் காட்டச் சொல்லப் போகிறேன். அந்த வீடுகளிலும் உன்னைப் போல ஒரு பிள்ளை எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காவல் உட்கார்ந்திருக்கிறது. கேட்டால் அவர்களுக்கும் உதவும்.

கூட்டத்துக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், நீ பொறுத்துக்கொள். என் இதயம் பலவீனமாகிவிட்டது. ரத்தத்தைத் தள்ள அதற்கு முடியவில்லை. அதனால் உள்ளே ஒரு சின்னப் பம்பு வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு வயர் வயிற்றைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து என் இடுப்பில் இருக்கிற பெட்டிக்குப் போகிறது. பம்பு எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று சொல்வது அந்தப் பெட்டிதான். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பாட்டரி. மாற்றும்போது ஒன்றைத்தான் கழற்ற வேண்டும், இரண்டையும் சேர்த்துக் கழற்றவே கூடாது. அந்தப் பெட்டி தப்பு செய்யாமல், தப்பு நடந்தாலும் ஆளைச் சாகவிடாமல் எப்படி வேலை செய்ய வேண்டும் என்று யோசிக்கிறவன்தான் என் மகன். பம்பை மனிதர்களுக்கு வைத்துப் பார்க்க ஆரம்பித்தபோது, முதலில் வைத்துக்கொண்ட சிலரில் நானும் ஒருத்தி. உன் பெட்டி என்பதால் அந்தச் சமயத்தில் நீ ஒதுங்கி நின்றாய். டாக்டர்கள் என்னைத் தனியாக உட்கார வைத்துத்தான் கேட்டார்கள். சரி என்று நானே சொன்னேன், நானே கையெழுத்தும் போட்டேன்.

இந்தப் பம்பு இதயத்தைப் போல விட்டு விட்டு அடிப்பதில்லை, நிற்காமல் சுற்றுகிறது. அதனால் என் கையைப் பிடித்துப் பார்த்தால் நாடி தெரியாது. நம் தெருவில் ரத்த அழுத்தம் பார்க்க வந்த சின்னப் பெண் என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டு வெலவெலத்துப் போனது உனக்கு நினைவிருக்கும். "ஆயா, உங்களுக்கு நாடியே இல்லையே!" என்று எழுந்துவிட்டாள். பாக்கியம் கூடையை இறக்காமலே, "நாடி இல்லாட்டி இன்னாமே, வாய் கீதா இல்லியா பாரு, அது போதும்" என்றாள். உன் மகள் ஜெனி அங்கே புனேவில் வகுப்பில் எழுந்து நின்று, என் ஆயாவுக்கு நாடி கிடையாது என்று சொல்லியிருக்கிறாள். டீச்சர் நம்பவில்லையாம். கரும்பலகையில் பம்பையும் வயரையும் பெட்டியையும் வரைந்து, எங்க அப்பா செஞ்சது என்று எழுதிக் காட்டியிருக்கிறாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை. எனக்கு அந்தப் படத்தைப் போனில் அனுப்பினாள். தெருவில் காட்டாத ஆள் இல்லை. உன் ரேங்க் கார்டைக்கூட நான் இப்படிக் காட்டியதில்லை.

உன் அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. அவர் துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டுகிற வேலை பார்த்தார். கப்பலுக்குள்ளே ஆழத்தில் ஆள் எங்கே நிற்கிறான், சரக்கு எங்கே தொங்குகிறது என்பது மேலே உட்கார்ந்திருக்கிற கிரேன்காரனுக்குத் தெரியாது. விளிம்பில் நிற்கிற இவருடைய கைதான் அவனுக்குக் கண். தூக்கு, இறக்கு, இந்தப் பக்கம் திருப்பு என்று இவர் கை சொன்னால்தான் நடக்கும். வேறு யார் கையை ஆட்டினாலும் கிரேன்காரன் அசைய மாட்டான். ஆனால் நிறுத்து என்று மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம். கப்பலில் பெருக்குகிறவர் உள்ளங்கையைத் தூக்கிக் காட்டினாலும் நின்றாக வேண்டும். ஏன், எதற்கு என்பதெல்லாம் நிறுத்திய பிறகு. அவர் அதை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டார். நானும் அவரும் சண்டை போடும்போது நீ நடுவில் வந்து உள்ளங்கையைத் தூக்குவாய். அவர் சட்டென்று வாயை மூடிக்கொள்வார். "புள்ள ஸ்டாப் காட்டிட்டான். அப்பால பேசிக்கலாம்" என்பார். நான் மட்டும் பேசிக்கொண்டே இருப்பேன். "பாரு, உங்கம்மாவுக்கு பிரேக்கே இல்ல" என்று உன்னிடம் சொல்வார்.

அந்தப் பழக்கம் உன் எலும்பில் ஏறிவிட்டது. நீ முதன்முதலில் செய்த பெட்டியும் அப்படித்தான் இருந்தது. நீயே சாப்பிடும்போது சொன்ன கதை இது, நான் சொன்னால் கொஞ்சம் முன்பின்னாக இருக்கும். கண்ணாடிக் குழாயில் தண்ணீரை ஓடவிட்டு, பம்பை அதில் மாட்டி, சோதிப்பதற்காக வேண்டுமென்றே ஒரு வயரைப் பிடுங்கினீர்கள். பெட்டிக்குச் சேதி சொல்கிற கருவிகள் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொன்னதும் பெட்டி பம்பை நிறுத்திவிட்டது. நீ சந்தோஷமாகத் திரும்பிப் பார்த்தாய். உங்கள் ஆபீஸ் மேடம், "ஏன் நின்னுடுச்சு?" என்று கேட்டாராம். "சந்தேகம் வந்தா நிக்கணும் மேடம், அதுதான் சேஃப்" என்றாய். அவர் நின்றுபோன தண்ணீரைப் பார்த்தபடியே, "யாருக்கு?" என்று கேட்டாராம். அவ்வளவுதான். அன்றைக்கு வீட்டுக்கு வந்து நீ சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாய். "அப்பா சொன்னது கிரேனுக்கு சரிம்மா. சரக்கு அந்தரத்துல தொங்கும், யாரும் சாக மாட்டாங்க. இதுல நிக்கறதுதாம்மா சாவு" என்றாய். அப்போது உன் அப்பா போய்ச் சேர்ந்து வருஷமாகியிருந்தது. நீ அவரையே எதிர்த்துப் பேசுகிற மாதிரி அவ்வளவு வருத்தப்பட்டாய். மேலே உட்கார்ந்து அவர் சிரித்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

அதற்கப்புறம் நீ செய்ததை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் தெரியுமா. மூன்று கருவிகளில் ஒன்று பொய் சொன்னால் பெட்டி மற்ற இரண்டையும் கேட்கும். இரண்டு பேர் ஒத்துப்போனால் அதை எடுத்துக்கொள்ளும். மூன்றும் மூன்று விதமாகச் சொன்னால் யாரையும் நம்பாமல், உயிர் தாங்குகிற அளவுக்கு ஒரே நிதானமான வேகத்தில் ஓட்டிக்கொண்டே சத்தம் போட்டு ஆளைக் கூப்பிடும். பெட்டியின் மூளையே படுத்துவிட்டால், அதற்குப் பக்கத்தில் தனியாக இன்னொன்று இருக்கிறது. அது ஒன்றுமே தெரியாத வெகுளி. ஒரே ஒரு வேகத்தில் பம்பை ஓட்ட மட்டும் அதற்குத் தெரியும். "அதுக்கு ஏன் இன்னும் கொஞ்சம் புத்தி வெக்கலை?" என்று நான் கேட்டதற்கு, "புத்தி இருந்தா அதுவும் கொழம்பும்மா" என்றாய். அதை நான் சமையல்கட்டில் நின்று ரொம்ப நேரம் நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

எனக்குப் பம்பு வைத்த பிறகு நீ அம்பத்தூர் வீட்டை விட்டுவிட்டு இங்கே வந்தாய். என் மருமகள் மெர்சியும் ஜெனியும் கூடவே வந்து, இந்த ஒற்றை அறையிலும் கூடத்திலும் முகம் சுளிக்காமல் இருந்தார்கள். உன் ஆபீஸ் அடுத்த பெட்டியைப் புனேவில் செய்யப்போகிறது, நீதான் முன்னால் நிற்க வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடம் திறக்கிறதே என்று மெர்சி பிள்ளையோடு முன்னால் போனாள். நீ அடுத்த மாதம் வருவதாகச் சொன்னாய். அந்த மாதம் வந்தது, போனது. ஒரு நாள் நீ குளிக்கப் போயிருந்தபோது ஜெனி போன் செய்தாள். நான்தான் எடுத்தேன். "ஆயா, அப்பாவுக்குப் பெட்டி மேல கோவமா, எங்க மேல கோவமா?" என்று கேட்டாள். உன்னிடம் அதை நான் சொல்லவே இல்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

இனி உன்னைப் பயமுறுத்திய அந்த நாளைப் பற்றி. நீயும் நானும் அதை ஒரே மாதிரி பார்க்கவில்லை, அதனால் எனக்கு நடந்த மாதிரி எழுதுகிறேன். பாக்கியமும் நானும் கல்மண்டபத்தில் காய் வாங்கிக்கொண்டு திரும்பிக்கொண்டிருந்தோம். அவள் கையில் எனக்கான மாற்றுப் பெட்டிப் பை, என் கையில் கத்திரிக்காய். திடீரென்று பின்னால் பீப், பீப் என்று சத்தம். இந்தத் துறைமுகப் பக்கத்தில் பிறந்தவளுக்கு அது என்ன சத்தம் என்று யாராவது சொல்ல வேண்டுமா? கன்டெய்னர் லாரி ரிவர்ஸ் எடுக்கிறது. பாக்கியம் என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "யக்கா, ஒதுங்கு ஒதுங்கு, வண்டி பின்னால வருது." இரண்டு பேரும் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டோம். லாரி வரவில்லை. சத்தம் மட்டும் நிற்காமல் கேட்கிறது. பாக்கியத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கடா கீறான் இவன்? வரவும் மாட்டேங்கிறான், போவவும் மாட்டேங்கிறான், பேஜாரு பண்ணிகினு." தெருமுனை வரைக்கும் போய் எட்டிப் பார்த்தாள். அங்கே போனதும் சத்தம் குறைந்திருக்கிறது. திரும்பி வந்தாள், கூடியிருக்கிறது. என் இடுப்பைப் பார்த்தாள். "யம்மா! லாரி உன் இடுப்புலதான் கீது!"

பெட்டியில் மஞ்சள் விளக்கு எரிந்தது. எனக்கு மயக்கம் இல்லை, மூச்சு வாங்கவில்லை. ஆனால் பயந்தேன், நைனா. அந்தோணியார் பெயரைச் சொன்னேன், உன் அப்பா பெயரையும் சொன்னேன். பக்கத்தில் கடை போட்டிருந்த இளநீர்க்காரர் தன் ஸ்டூலை எடுத்துப் போட்டார். பாக்கியம் பையில் ஒட்டியிருந்த ஆஸ்பத்திரி நம்பருக்குப் போன் போட்டாள். அங்கே இருந்த நர்ஸ், "அம்மா பேசறாங்களா?" என்று கேட்டாள். "பேசறாங்களாவா? சும்மா வேணாம், துட்டு வாங்கிக்கோன்னு எளநிக்காரராண்ட சண்ட போட்டுகினு கீறாங்க" என்றாள் இவள். அப்படியானால் எதையும் கழற்ற வேண்டாம், பாட்டரி இரண்டும் மாட்டியபடி நேராகக் கூட்டி வாருங்கள் என்று நர்ஸ் சொன்னாள். பாக்கியத்தின் மகன் தாஸ் டோல்கேட்டில் சவாரியை இறக்கிவிட்டு ஆட்டோவோடு வந்தான். வழி முழுக்க ஆரன் அடித்துக்கொண்டே வந்தான். என் இடுப்பும் அடித்துக்கொண்டே வந்தது. ஆஸ்பத்திரியில் படுக்க வைத்துப் பெட்டியை மாற்றினார்கள். பெட்டியின் மூளை படுத்துவிட்டது, அந்த வெகுளிதான் இவ்வளவு நேரம் ஓட்டிக்கொண்டிருந்தது என்று டாக்டர் சொன்னார். எல்லாம் முடிந்து, டீ குடித்துவிட்டுத்தான் உனக்குப் போன் செய்தோம்.

நீ வந்து நின்ற முகத்தை மறக்க மாட்டேன். "எங்கிட்ட ஏம்மா மொதல்ல சொல்லல?" என்று ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் கத்தினாய். பாக்கியம் உன்னை விடவில்லை. "சொன்னா நீ அம்பத்தூர் ஆபீஸ்லேந்து பறந்து வந்து எங்கியாவது முட்டிகினு வுழுவே. உனக்கு வேற ஒரு ஆஸ்பத்திரி தேடணும். குந்து, டீ குடி" என்றாள். நீ உட்கார்ந்தாய், குடிக்கவில்லை. அப்புறம் அந்தப் பழைய பெட்டியை நீதான் பிரித்துப் பார்த்தாய். நகக்கண் அளவுகூட இல்லாத ஏதோ ஒரு சில்லு உள்ளே செத்துப்போயிருந்தது என்றாய். இரண்டு நாள் கழித்து வந்து, "நீங்க ரெண்டு பேரும் ஏம்மா ஒதுங்கி நின்னீங்க?" என்று கேட்டாய். நான் லாரிக் கதையைச் சொன்னேன். நான் சிரித்தேன், நீ சிரிக்கவில்லை. நெற்றியில் கையை வைத்துக்கொண்டாய். "அமைதியான ரூம்ல உக்காந்து கேட்டுட்டு, நல்லா கேக்குதுன்னு விட்டுட்டோம்மா. நானும் இங்க பொறந்தவன்தானே, எனக்கு எப்படித் தோணாம போச்சு" என்றாய். இந்தச் சத்தத்தை மாற்ற வேண்டும், கேட்கிறவர் இது என்னிடமிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும், உடம்பில் அதிர வேண்டும் என்று என்னென்னவோ சொன்னாய். உன் கண்ணில் அன்றைக்குத்தான் பழைய வெளிச்சத்தைப் பார்த்தேன். அதோடு புனேவுக்குக் கிளம்பிவிடுவாய் என்று நினைத்தேன். நேற்று நேர்மாறாக வந்து சொல்கிறாய்.

பெட்டி கெட்டுப்போய்விட்டது, இனி அம்மாவை விட்டு நகர மாட்டேன் என்கிறாய். நான் கேட்கிறேன்: எது கெட்டால் எது தாங்க வேண்டும் என்று நீ வருஷக்கணக்கில் உட்கார்ந்து யோசித்தாயோ, அது அன்றைக்கு நடந்ததா இல்லையா? நீ செத்துப்போன சில்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறாய். நான் உயிரோடு கத்திரிக்காயைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். கெடாத பொருள் உலகத்தில் இல்லை, கெட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதுதான் எங்கள் வேலை என்று ஜெனிக்குச் சொல்லிக் கொடுத்தவன் நீதானே. இன்னொன்றும் நினைத்துப் பார். அன்றைக்குப் பாக்கியம் இருந்தாள், இளநீர்க்காரர் இருந்தார், நர்ஸ் இருந்தாள், தாஸ் இருந்தான். அங்கே இல்லாதவன் நீ ஒருவன்தான். நீங்கள் சோதிப்பதற்கு ஒரு வயரைப் பிடுங்குவீர்களே, அன்றைக்குப் பிடுங்கிய வயர் நீ. மற்ற எல்லாம் ஓடியது.

இதை எழுதும்போது உனக்கு வலிக்கும் என்று தெரியும். எனக்கும் சுகமாக இல்லை. நீ இங்கே இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது, ராஜா. காலையில் நீ டீ போட்டுக் கொண்டுவந்து வைப்பதும், நான் தின்கிற மருந்துக்கு ஆகாதென்று கீரையை அளவு பார்த்துப் போடச் சொல்லிப் பாக்கியத்தோடு சண்டை போடுவதும், உன் சட்டை கொடியில் தொங்குவதும் பிடித்திருக்கிறது. அதனால்தான் இவ்வளவு நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். ஆனால் நம் கூட்டத்துக்குத் திருவொற்றியூரிலிருந்து கைக்குழந்தையோடு ஒரு பெண் வருகிறாளே, அவளுக்குப் புனேவில் செய்யப்போகிற அடுத்த பெட்டிதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் வீடு இருப்பது லாரிகள் வரிசை கட்டி நிற்கிற ரோட்டின் மேல். பொழுது விடிந்து பொழுது போனால் அந்தச் சத்தம்தான். அவள் எத்தனை தடவை சுவரோடு ஒதுங்கி நிற்பாள்? அவளுக்குப் பாக்கியம் போல ஒருத்தி கூட இருப்பாளா என்று நமக்குத் தெரியாது. சத்தத்தை மாற்ற வேண்டும் என்று அங்கே உட்கார்ந்து சொல்லப்போகிறவன் யார்? கல்மண்டபத்தில் லாரி சத்தம் எப்படிக் கேட்கும் என்று புனேவில் யாருக்குத் தெரியும்?

உன் அப்பா இருந்திருந்தால் இந்த இடத்தில் கையைத் தூக்கியிருப்பார். நீ இப்போது செய்வது அவருடைய வேலை. சந்தேகம் வந்தது, நிறுத்திவிட்டாய். புனே வேலையை நிறுத்தினாய், மெர்சியோடு பேசுவதைக் குறைத்தாய், பிள்ளை வளர்வதைப் போனில் பார்க்கிறாய். கிரேனுக்கு அது சரி, நைனா. உனக்கு எது சரி என்று நீயே கண்டுபிடித்து என் இடுப்பில் கட்டிவிட்டிருக்கிறாய். பயமாக இருந்தால் மெதுவாக ஓடு. வாரத்துக்கு இரண்டு தடவை போன் செய், தினமும் வேண்டாம். தாங்க முடியாவிட்டால் சத்தம் போடு, நாங்கள் வருகிறோம். நின்றுவிட மட்டும் கூடாது.

நான் சும்மா வாயால் சொல்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும். போன வாரம் ஆஸ்பத்திரி நர்ஸ் நம் வீட்டுக்கு வந்து பாக்கியத்துக்கும் தாஸுக்கும் மாடியில் இருக்கிற தையல்காரர் மனைவிக்கும் பாட்டரி மாற்றுவதையும் வயர் வெளியே வருகிற இடத்தில் கட்டுப் போடுவதையும் திரும்பத் திரும்பச் செய்துகாட்டிவிட்டுப் போனாள். நீ ஆபீசில் இருந்த நேரம் அது. தாஸ் இரண்டு பாட்டரியையும் ஒன்றாகக் கழற்றப் போய் அவன் அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கினான். இனி மறக்க மாட்டான். கரண்ட் போனால் பாட்டரிக்குச் சார்ஜ் போட தையல்கடை இன்வெர்ட்டரில் ஒரு பிளக் எனக்கென்று விட்டு வைத்திருக்கிறார்கள்.

இதற்கு மேலும் நீ யோசிப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. அதனால் ஒரு காரியம் செய்துவிட்டேன். விழுப்புரம் பக்கத்திலிருந்து நர்ஸ் வேலைக்கு வந்திருக்கிற கவிதா என்ற பெண் தங்க இடம் தேடிக்கொண்டிருந்தாள். நல்ல பெண், சத்தமாகச் சிரிக்கிறாள். உன் அறையை அவளுக்குப் பேசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பெட்டி படுக்கையோடு வந்துவிடுவாள், சாவியும் கொடுத்தாகிவிட்டது. உன் துணிகளை மடித்துக் கட்டிலின் மேல் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை ரயிலுக்குத் தாஸ் டிக்கெட் எடுத்துவிட்டான். ஜெனிக்குக் கருவாடும் மெர்சிக்கு வடகமும் தனித்தனியாகக் கட்டியிருக்கிறேன், வாசனை வரும், கீழே வை. இனி இங்கே உனக்குப் படுக்க இடமில்லை, நைனா. லீவுக்குப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, கூடத்தில் பாய் போட்டுத் தருகிறேன்.

அம்மா